சுண்டிக்குளத்துக்குள் எந்த வாகனம், எதற்காக, எத்தனை?

முதலில் ஒரு பிழையை ஒப்புக்கொண்டுவிட்டு எழுதுகிறேன்.

மூன்று வருசத்துக்கு முந்தி, பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அக்கராயனில் இருந்து நாங்கள் ஆறு பேர் நாலு மோட்டார் சைக்கிளில் சுண்டிக்குளம் போனோம். கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவு வீதியில் தர்மபுரம், பிறகு அங்கால வடக்குப் பக்கம். களப்புத் தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்த நேரம். தண்ணீர் விட்டுப்போன இடமெல்லாம் மைதானம் மாதிரிப் பரந்து கிடந்தது. மேடு பள்ளம் இல்லை, சந்தி இல்லை, பொலிஸ் இல்லை. இருபது வயசுப் பெடியளிட்ட இப்பிடி ஒரு வெளியையும் ஒரு பைக்கையும் குடுத்தால் என்ன நடக்கும்? நடந்தது.

தூரத்தில் பூநாரைகள் நின்றன. "கிட்டப்போய் எழுப்பினால் வீடியோ சோக்காய் வரும்" எண்டு ஒருத்தன் சொன்னான். அந்த ஒருத்தன் நான்தான். நாலு பைக்கும் வரிசையாய் வெளியில் இறங்கின. கூட்டம் முழுக்க ஓடி எழும்பியது. இளஞ்சிவப்புச் செட்டைகள் வானத்தில் விரிந்தன. வீடியோ உண்மையிலேயே நல்லாய் வந்தது. நிறைய லைக்கும் வந்தது.

திரும்பி வரும்போது பனையடியில் வலை தெரிந்துகொண்டு இருந்த ஒரு ஐயா எங்களை மறித்தார். ஏசப்போறார் எண்டுதான் நினைத்தோம். அவர் ஏசவில்லை. "தம்பியவை, நான் இதால சைக்கிளில போனாலே எங்க போறாய் எண்டு கேப்பினம். உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையோ?" எண்டார். அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான்.

*சில்லு என்ன செய்கிறது?*

"பறவை பறக்கத்தானே இருக்கு, எழுப்பினால் என்ன?" எண்டு நானும் ஒருகாலம் கேட்டிருக்கிறேன். பூநாரை எங்கட வீட்டுக் காகம் மாதிரி நின்ற இடத்தில் நின்று எழும்பும் பறவை இல்லை. பாரமான உடம்பு. கொஞ்சத் தூரம் ஓடித்தான் மேலே எழ முடியும். ஒவ்வொரு தரம் எழும்பும்போதும் தின்றது செலவாகிறது. தாராக்களும் சேற்றுப் பறவைகளும் மத்திய ஆசியாவில் இருந்தும் சைபீரியாவில் இருந்தும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வருகின்றன. இங்கே நின்று தின்று சேர்த்த கொழுப்பில்தான் அவை பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகவேணும். ஒரு நாளில் நாலைந்து கோஷ்டி வந்து எழுப்பினால், அவை தின்னும் நேரமும் போகும், சேர்த்த கொழுப்பும் போகும்.

அடுத்தது முட்டை. ஆட்காட்டி, உப்புக்கொத்தி, ஆலா போன்றவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சின்னப் பள்ளம் ஒன்றில் முட்டையிடும். முட்டை மண்ணின் நிறத்திலேயே இருக்கும். நரிக்குத் தெரியாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. பைக்கில் வருகிறவனுக்கும் அது தெரியாது என்பதுதான் பிரச்சினை. மன்னார்ப் பக்கத்து உவர் தரைகளில் வாழும் ஒரு சின்ன உப்புக்கொத்தியை, அது தனி இனம் என்று ஆய்வாளர்கள் 2023இல்தான் உறுதிப்படுத்தினார்கள். இராமர் அணைப் பகுதியை நினைத்து அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரும் வைத்தார்கள். எங்கட கடற்கரையில் இருக்கும் உயிர்களையே இன்னும் எண்ணி முடியவில்லை. அதுக்குள்ளே சில்லை ஏத்திக்கொண்டு இருக்கிறோம்.

*அதே 1938*

சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1938இல். யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்கா ஆனதும் அதே 1938இல்தான். யாலவுக்கு றோட்டு வந்தது, ஹோட்டல் வந்தது, ஜீப் வந்தது. எங்களுக்கு வந்தது என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2015 யூனில் சுண்டிக்குளமும் தேசிய பூங்காவாக வர்த்தமானியில் வந்தது. பரப்பும் 19,000 ஹெக்டயருக்கு மேலே விரிந்தது.

இந்தப் பெயர் மாற்றம் சின்ன விசயம் இல்லை. 1937இல் வந்த விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், சனமும் வழமைபோலப் புழங்கலாம். தேசிய பூங்கா அப்படி இல்லை. அது அரச காணி மட்டுமே. அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு, பார்க்கவோ ஆராயவோதான் உள்ளே போகலாம். அதாவது காகிதத்தில் பார்த்தால் அந்த வலைக்கார ஐயாவும் ஒரு 'பார்வையாளர்', நாலு பைக்கில் போன நாங்களும் 'பார்வையாளர்'. நடைமுறையில் அவரைக் கேட்கிறார்கள், எங்களைக் கேட்கவில்லை.

இனி யாலவுக்கு வருவோம். ஏனென்றால் சுண்டிக்குளம் நாளைக்கு எப்படி இருக்கும் என்பதை யால இன்றைக்கே காட்டுகிறது. யாலவில் விதி இல்லாமல் இல்லை. மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேலே ஓடக்கூடாது. பாதையை விட்டு இறங்கக்கூடாது. வாகனத்தை விட்டு ஆள் இறங்கக்கூடாது. ஹோர்ன் அடிக்கக்கூடாது. எல்லாம் இருக்கு. ஆனால் சிறுத்தை ஒன்று கண்ணில் பட்டால் போனில் செய்தி பறக்கும். கொஞ்ச நேரத்தில் ஜீப்புகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் அந்த மிருகம். 2022 ஒக்டோபரில் நடந்தது அதைவிட மோசம். சொகுசு ஜீப்புகளில் ஒரு கூட்டம் பூங்காவுக்குள் பாதையை விட்டிறங்கி ஓடி விளையாடியது. அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவிய பிறகுதான் சூடு பிடித்தது.

அந்த வீடியோவைப் பார்த்து நானும் பேஸ்புக்கில் கோபமாய் எழுதினேன். அடுத்த வருசமே சுண்டிக்குள வெளியில் அதையேதான் செய்தேன். எங்கட பைக் சின்னது, அவர்களுடைய ஜீப் பெரியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

*இரண்டு லேசான பதில்கள்*

இந்தப் பிரச்சினைக்கு இரண்டு லேசான பதில் இருக்கிறது. இரண்டும் பிழை என்பது என் கருத்து.

ஒன்று: "வாகனம் ஒன்றும் உள்ளே போகக்கூடாது. கம்பி அடிச்சு மூடு." கொழும்பில் இருந்து பார்த்தால் இது சரியாய்த் தெரியலாம். வன்னியில் இருந்து பார்த்தால் அடிவயிறு கலங்கும். போர் முடிந்து திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்கள் தங்கட காணிக்குள் எல்லைக்கல்லைக் கண்டவர்கள். முந்தி வயல் செய்த இடம் பத்தை மண்டிக் காடாகி, இப்ப அது வனவளத் திணைக்களத்தின் காணி எண்டால், அந்த மனிசனுக்குக் 'காடு' என்ற சொல்லே கைப்பாய்த்தான் இருக்கும். இதுக்கு மேலே "மோட்டார் சைக்கிளும் கொண்டுபோகாதே" எண்டால், கரைக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோகிறவர், மாடு தேடிப் போகிறவர், இறால் எடுத்து வருகிறவர் என்று இவர்களைத்தான் அது முதலில் பிடிக்கும். ஜீப்காரன் எப்படியும் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வருவான்.

மற்றது: "சும்மா விடுங்கோ. சனம் வந்தால் கடை வரும், கடை வந்தால் காசு வரும்." இதையும் நான் இளக்காரமாய்ச் சொல்லவில்லை. வேலை இல்லாமல் வெளிநாட்டு முகவரைத் தேடித் திரிகிற என்ர சிநேகிதர்களுக்கு ஒரு சபாரி ஜீப் நல்ல தொழிலாய் இருக்கலாம். ஆனால் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இல்லாமல் விட்டால் வருகிற லாபம் முதலில் பத்து ஜீப் வாங்கக் காசு உள்ளவனுக்குத்தான். கடன்பட்டு ஒரு ஜீப் வாங்கின உள்ளூர்ப் பெடியன் அவனோடு போட்டிக்கு ஓடவேணும். வேகமாய் ஓடவேணும், கிட்டப் போகவேணும், பாதையை விட்டு இறங்கவேணும். பறவை இல்லாமல் போனால் வேறை ஊருக்குப் போகப் பெரிய முதலாளிக்கு வழி இருக்கு. பெடியனுக்குக் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

*பனியில் ஓடும் பைக் சொல்லும் பாடம்*

எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு வாகனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். அமெரிக்காவில் பனியில் ஓடும் ஒருவகை பைக் உண்டு, ஸ்னோமொபைல் என்பார்கள். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் சங்கிலிப் பட்டி. 1872இல் தொடங்கிய யெலோஸ்டோன் தேசிய பூங்காவுக்குள் 1963இல் முதன்முதலாக அதை விட்டார்கள். மூன்று நாலு வண்டிதானே என்று விட்டது, 1990களில் நெரிசலான நாட்களில் ஆயிரத்தைத் தாண்டியது. வாசலில் சீட்டுக் கொடுக்கும் ஊழியர்களுக்குப் புகை தாங்க முடியாமல், அவர்கள் நிற்கும் கூண்டுக்குள் நல்ல காற்றைப் பம்ப் பண்ண வேண்டி வந்தது. குளிர்காலத்தில் பட்டினியைத் தாங்கி நிற்கும் காட்டெருமைகளுக்கு நடுவால் இந்த இரைச்சல்.

2001இல் படிப்படியாக நிறுத்துவோம் என்று விதி வந்தது. அடுத்து வந்த அரசாங்கம் அதைத் தளர்த்தியது. நீதிமன்றம், மேல்முறையீடு, புது விதி, பழைய விதி என்று பத்து வருசத்துக்கு மேலே இழுபட்டு, 2013இல்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவில் எனக்குப் பிடித்தது, அது தடையும் இல்லை, திறந்த கதவும் இல்லை. கணக்குத்தான். ஒரு நாளைக்கு இத்தனை கோஷ்டிதான், மொத்தம் 110. அதில் ஸ்னோமொபைல் கோஷ்டி 51க்கு மேலே இல்லை. சத்தமும் புகையும் குறைந்த வண்டிதான் வரலாம். வழிகாட்டியோடுதான் போகலாம். கோடையில் கார் ஓடும் அதே பாதையில்தான் ஓடலாம், பக்கத்தில் இறங்கக்கூடாது.

தனித்தனி வண்டியாய் இல்லாமல் கோஷ்டியாய் எண்ணியதைக் கவனியுங்கோ. ஏழு வண்டி ஒன்றாய்ப் போனால் மிருகத்துக்கு ஒரு தொந்தரவு. அதே ஏழும் ஒன்றன்பின் ஒன்றாய் நாள் முழுக்கப் போனால் ஏழு தொந்தரவு. சுண்டிக்குளத்துப் பறவைக்கும் கணக்கு இதுதான்.

இதைவிட முக்கியமான பாடம் அலாஸ்காவில் இருக்கு. 1980இல் அலாஸ்காவின் பூங்காக் காணிகளுக்கென்று அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அங்கே ஊர்ச்சனம் பனிக்காலத்தில் வேட்டைக்கும் விறகுக்கும் அடுத்த ஊருக்கும் போவது இதே ஸ்னோமொபைலில்தான். அதனால் பரம்பரை வழக்கத் தேவைகளுக்கு அந்த வண்டியை ஓட்டலாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். பிறகு 2000இல் டெனாலி பூங்காவின் (கமலின் படம் இல்லை, மலை) பழைய பகுதியில், பொழுதுபோக்குச் சவாரி இந்த 'வழக்கத் தேவை'க்குள் வராது என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். வண்டி ஒன்றுதான். சட்டம் கேட்ட கேள்வி, "எதற்காகப் போகிறாய்?"

இது வெள்ளைக்காரனுக்கு மட்டும் சரிவரும் கதை இல்லை. தமிழ்நாட்டில் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்ளால் போகும் திம்பம் மலைப்பாதையில் மிருகங்கள் அடிபட்டுச் செத்துக்கொண்டு இருந்தன. 2022 பெப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவோடு இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. உடனே மலைக் கிராமத்துச் சனம் போராடியது. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது, மரக்கறியை எப்படிச் சந்தைக்குக் கொண்டுபோவது? அவர்கள் கேட்டது நியாயம். பிறகு உள்ளூர் ஆட்களின் வாகனங்களுக்கு விலக்குக் கிடைத்தது. பாரமான லொறிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. தடை முதலில் வந்து, சனத்தின் குரல் பிறகு வந்ததால் வந்த சண்டை அது. ஒழுங்கை மாத்தினால் சண்டை குறையும்.

*அப்ப இங்கே என்ன செய்யலாம்?*

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனாலும் அஞ்சு விசயம் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பாதை. எந்தத் தடத்தால் வாகனம் போகலாம் என்று கல் நட்டு, தமிழிலும் சிங்களத்திலும் பலகை வைக்கவேணும். களப்பின் வெளிக்குள் மோட்டார் சில்லு இறங்கவே கூடாது, அது யாருடைய சில்லாய் இருந்தாலும். நாங்கள் போன பாதையில் எங்கட கண்ணில் ஒரு பலகையும் படவில்லை. அது எங்கட பிழைக்குச் சாட்டு இல்லை. ஆனால் எழுதி வைக்காத விதியை எவனும் மதிக்கமாட்டான்.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒரு நாளைக்கு இத்தனை சுற்றுலாக் கோஷ்டி என்று இப்பவே எழுதவேணும். யாலவில் ஜீப் பெருகின பிறகு குறைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்க்கிறோம். ஒவ்வொரு ஜீப்புக்குப் பின்னாலும் ஒரு லீசிங் கடன், ஒரு குடும்பம். எங்களிடம் இன்னும் அந்த நெரிசல் வரவில்லை. வரமுன் எழுதினால் ஒருத்தற்ற வயித்திலும் அடிக்கத் தேவையில்லை. அந்த இடங்களில் பெரும்பங்கு சுற்றியிருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்றும் எழுதலாம்.

மூன்றாவது, சத்தம். சைலன்சர் கழட்டின பைக்கும், பெட்டி வைத்துப் பாட்டுப் போடுகிற வானும் உள்ளே போகக்கூடாது. இதுக்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. வாசலில் ஒரு காது போதும்.

நாலாவது, காலம். பறவைகள் தரையில் முட்டையிடும் மாதங்களில் அந்தத் திட்டுகளைச் சுற்றுலாவுக்கு மூடவேணும். யாலவின் முதலாம் பகுதியையே வறட்சி காலத்தில், செப்ரெம்பர் தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதி வரை, மூடுகிற வழக்கம் இருக்கு. மூடினால் தொழில் செத்துவிடும் என்றால் யால எப்பவோ செத்திருக்கும்.

அஞ்சாவது, தேவை. மீன்பிடிக்கிறவருக்கும் மாடு வளர்க்கிறவருக்கும் வருசத்துக்கு ஒரு தரம் இலவசமாய் ஒரு அனுமதி அட்டை. இன்ன தடத்தால், இன்ன வாகனத்தில், இன்ன வேலைக்கு. சைக்கிளுக்கும் நடந்து போகிறவருக்கும் அட்டையே தேவையில்லை. யாருக்கு அட்டை என்பதைத் திணைக்களம் தனியே முடிவெடுக்காமல், கடற்றொழிலாளர் சங்கமும் கிராம சேவையாளரும் சேர்ந்து முடிவெடுக்கவேணும்.

"இந்த அட்டையைக் காட்டி மணல் டிப்பர் உள்ளே போகாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கிளிநொச்சியில் வாழ்கிற எவருக்கும் இந்தப் பயம் வரும். இரவில் லைட்டை நிறுத்திக்கொண்டு மணலும் கிரவலும் ஏத்தி ஓடுகிற டிப்பரின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் நாங்கள். அதனால்தான் அட்டையில் வேலையை எழுதச் சொல்கிறேன். வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் டிப்பர் தேவையில்லை. பகலில் சைக்கிளை மறித்து, இரவில் டிப்பரை விடுகிற எந்த விதியும் சனத்திடம் மரியாதை வாங்காது. மரியாதை இல்லாத விதியைக் காக்க எத்தனை உத்தியோகத்தரைப் போட்டாலும் காணாது.

*குளக்கட்டில் இருந்து பார்த்தால்*

இவ்வளவு நேரம் சுண்டிக்குளத்தைப் பற்றிச் சொன்னாலும், இந்த யோசனை எனக்கு வந்தது எங்கட ஊரில் வைத்துத்தான். வன்னியில் குளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த எல்லாருக்கும் ஒரு விதி தெரியும்: குளக்கட்டில் பார வாகனம் ஏத்தக்கூடாது. நடக்கலாம், சைக்கிளில் போகலாம், வாய்க்கால் பார்க்கப் போகிறவர் மோட்டார் சைக்கிளிலும் போவார். லோட் ஏத்தின டிப்பர் ஏறினால் ஊரே கேட்கும். அதை ஒருத்தரும் 'தடை' என்று சொல்வதில்லை. கட்டு உடைந்தால் வயல் போகும், வயல் போனால் சோறு போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காரணம் தெரிந்த விதி, தங்கட சோறு அதில் இருக்கிற விதி. அதனால்தான் அதைச் சனமே காக்கிறது.

சுண்டிக்குளத்துக்கும் அப்படி ஒரு விதிதான் வேணும். பறவை நிற்கிற களப்பில்தான் இறாலும் மீனும் வளருது. களப்பை உழுது சீரழித்தால் பூநாரையோடு சேர்த்து அந்த ஐயாவின் வலையும் வெறுமையாகும். இந்தக் காரணத்தை அந்த ஊர்ச் சனத்துக்கு நாங்கள் படிப்பிக்கத் தேவையில்லை, அவர்கள்தான் எங்களுக்குப் படிப்பிக்கவேணும். விதியை எழுதுகிற மேசையில் அவர்களுக்கு ஒரு கதிரை போட்டால் போதும்.

அதுவரைக்கும் எங்களால் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கு. அந்த வீடியோவை நான் போன மாசம் அழித்தேன். பார்த்த ஆட்கள் பார்த்துவிட்டார்கள், அதைப் பார்த்து யாராவது வெளிக்குள் பைக்கை இறக்கியிருந்தால் அதில் எனக்கும் பங்கு இருக்கு. இந்த மாரி முடிய, திரும்பவும் சுண்டிக்குளம் போகிற யோசனை. பைக்கைத் தர்மபுரப் பக்கத்தில் தெரிந்த வீடொன்றில் விட்டுவிட்டு, அங்காலை சைக்கிளில். வர விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

அந்த ஐயாவைக் கண்டால், எங்களையும் இப்ப கேட்கிறார்களா இல்லையா என்று நானே போய்ச் சொல்லவேணும்.